டேட்டாபேஸ் கிளையன்ட் என்கோடிங்கை யாரைக் கேட்டு முடிவு பண்ணணும்?

குறுக்குத்துறை
கமாண்ட் லைன் கிளையன்ட் ஒண்ணு எழுதிக்கிட்டிருக்கோம். போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல், ஆரக்கிள் மூணோடயும் பேசணும். உள்ள இருக்கது உறுப்பினர் பெயர், ஊர்ப் பெயர், கடன் கணக்கு. தமிழும் எண்ணும் கலந்து கிடக்கும். பகல்ல விண்டோஸிலயும் உபுண்டுவிலயும் ஆட்கள் ஓட்டுவாவ, ராத்திரி கிரான்ல (நேரம் வச்சு ஓட்டுத வசதி) தானா ஓடும்.

கனெக்ட் ஆகும்போது கிளையன்ட் என்கோடிங் (எழுத்தை எந்த பைட்டா எழுதணுங்க முறை) என்னன்னு அதுவே முடிவு பண்ணணும். மூணு வழி தெரியுது.

(அ) ஓஎஸ் லொக்கேல் (மொழி, நாடு அமைப்பு) சொல்லுததை எடுத்துக்கிடுதது.
(ஆ) டேட்டாபேஸ் எதுல இருக்கோ அதையே வச்சுக்கிடுதது.
(இ) எதையும் பாக்காம யூடிஎஃப்-8.

எது சரி? எது எங்க உடையும்?

பனங்கிழங்கு
(இ). இதுக்கெல்லாம் ஒரு இழையா வே?

முண்டந்துறை
அவ்வளவு சுளுவா முடிச்சுரப்படாது. போஸ்ட்கிரெஸ்ஸோட சொந்த கிளையன்ட் பிஎஸ்கியூஎல் என்ன பண்ணுதுன்னு முதல்ல பாருங்க. 9.1 பதிப்பிலேர்ந்து அது வரவும் போக்கும் ரெண்டும் டெர்மினலா இருந்தா, அதாவது ஸ்டாண்டர்ட் இன்புட்டும் அவுட்புட்டும் ஆள் முன்னால இருந்தா மட்டும், "ஆட்டோ" கேட்கும். ஆட்டோன்னா லொக்கேலைப் பார்த்து எடு. பிஜிகிளையன்ட்என்கோடிங் என்ற சூழல் மாறி ஏற்கெனவே இருந்தா அதுக்குத்தான் மதிப்பு, ஆட்டோ கிடையாது. ரெண்டும் இல்லன்னா, அதாவது பைப்பிலயோ ஃபைலுக்கோ போனா, ஒண்ணும் சொல்லாது. சர்வர் டேட்டாபேஸ் என்கோடிங்கையே கொடுத்துரும்.

ஆக ஒரே ஆள் ஒரே மெஷின்ல ஒரே குவெரியைத் திரையில ஓட்டினா ஒரு என்கோடிங், ஃபைலுக்குத் திருப்பி விட்டா இன்னொண்ணு வர வாய்ப்பு இருக்கு. தப்பில்ல, யோசிச்சுச் செஞ்சது. திரை எந்த பைட்டை எழுத்தாக் காட்டும்னு டேட்டாபேஸுக்குத் தெரியாது, லொக்கேலுக்குத்தான் தெரியும். அதனால என் ஓட்டு (அ).

மேலப்பாளையம்_டிபிஏ
லொக்கேலுக்குத் தெரியும்னு சொல்லுதிய, விண்டோஸ்ல அதுக்கு ஒண்ணும் தெரியாது அண்ணாச்சி. தமிழுக்கு விண்டோஸ்ல ஆன்சி கோட் பேஜே (பழைய ப்ரோகிராமுக்கான எழுத்துப் பட்டியல்) கிடையாது. லொக்கேலைத் தமிழ்னு மாத்தினாலும் யூனிகோட் இல்லாத பழைய ப்ரோகிராமுக்குத் தமிழ்ப் பக்கம்னு ஒண்ணு கிடைக்காது. 57004னு ஒரு எண் இருக்கு, அது இஸ்கிங்க பழைய இந்திய மொழி என்கோடிங்கோட தமிழ். மாத்துறதுக்கு மட்டும்தான், சிஸ்டம் பக்கமா வைக்க முடியாது. நம்ம ஊர் மெஷின்ல பெரும்பாலும் கிடக்கது 1252. லொக்கேலைக் கேட்டா வர்ற பதில் மேற்கு ஐரோப்பா.

இப்ப தமிழ் பைட்டைப் பாருங்க. தமிழ் யூனிகோட் குறி ஒவ்வொண்ணும் (எழுத்து, உயிர்க்குறி, புள்ளி எல்லாம்) யூடிஎஃப்-8ல மூணு பைட். முதல் பைட் எப்பவும் 224. ரெண்டாவது 174 இல்லன்னா 175. மூணாவது 128லேர்ந்து 191 வரைக்கும். "த" என்பது 224, 174, 164. இதை 1252ன்னு சொல்லி அனுப்பினா சர்வர் மூணு தனித்தனி எழுத்தா எடுத்துக்கிடும்: மேலே சாய்கோடு போட்ட ஏ, வட்டத்துக்குள்ள ஆர், அப்புறம் ஒரு கரன்சிக் குறி. எல்லாரும் பார்த்த குப்பைதான்.

ஆனா 1252ல அஞ்சு இடம் காலி: 129, 141, 143, 144, 157. தமிழ்ல மூணாவது பைட்டா இதுல எது வருதுன்னு பாருங்க. உகரக் குறி 129ல முடியுது. புள்ளி 141ல முடியுது. ஏ 143, ஐ 144. இந்த நாலுல ஒண்ணு வந்தாப் போதும், போஸ்ட்கிரெஸ் "இந்த பைட்டுக்கு யூடிஎஃப்-8ல இணை இல்ல"ன்னு திருப்பி அடிச்சிரும்.

"ஏர்வாடி" போட்டா முதல் எழுத்திலயே எர்ரர். "சிவகிரி" போட்டுப் பாருங்க: புள்ளி இல்ல, உகரம் இல்ல, ஏ ஐ இல்ல. சத்தமே இல்லாம உள்ள போய்க் குப்பையா உக்காந்துக்கிடும். எர்ரர் வந்த வரியை மட்டும் திருத்திட்டு மத்ததெல்லாம் ஒழுங்கா ஏறிட்டுன்னு நினைச்சா அங்கதான் மாட்டுவிய.

இதே வேலையை 1252க்குப் பதிலா லத்தீன்-1ன்னு சொல்லிச் செஞ்சா இன்னும் மோசம். அதுல 128லேர்ந்து 159 வரைக்கும் கட்டுப்பாட்டுக் குறிகளா நிரம்பியிருக்கு, காலி இடமே கிடையாது. எர்ரரும் கிடையாது.

குறுக்குத்துறை
அப்ப எர்ரர் வர்றதுதான் நல்லதா?

மேலப்பாளையம்_டிபிஏ
ஆமா. மூணு சர்வரும் மூணு குணம். தமிழ் இருக்க டேபிளை 1252 கிளையன்ட் படிச்சா போஸ்ட்கிரெஸ் எர்ரர் கொடுத்து நிக்கும். மைஎஸ்கியூஎல் யூனிகோட் குறிக்கு ஒண்ணா கேள்விக்குறி போட்டுக் கொடுத்துட்டுச் சும்மா இருக்கும். ஆரக்கிளும் ஒரு மாற்றுக் குறியைப் போட்டுரும். படிக்கும்போது கேள்விக்குறி வந்தா டேட்டாபேஸ்ல எழுத்து பத்திரமா இருக்கு. ஆனா உங்க கிளையன்ட் அந்தக் கேள்விக்குறியை எடுத்து அப்டேட்ல திரும்ப எழுதிட்டா அது வெறும் 63ஆம் எண் பைட். அதைத் திரும்ப எழுத்தா ஆக்க யாராலயும் முடியாது.

சொதி
(ஆ) பத்தி யாரும் பேசலயே. ஆரக்கிள் பக்கம் இருந்து அதைச் சொல்லுதேன், ஏன்னா அங்க ஆகக் கூடுதலா நடக்க தப்பு அதுதான்.

என்எல்எஸ்_லாங் என்ற மாறியில மொழி, நாடு, என்கோடிங் மூணும் இருக்கும். "டேட்டாபேஸ் ஏஎல்32யூடிஎஃப்8 (ஆரக்கிள்ல யூடிஎஃப்-8க்குப் பெயர்), அதனால கிளையன்ட்லயும் அதையே வை"ன்னு கண்ணை மூடிக்கிட்டு எழுதிருவாவ. அந்த மாறி டேட்டாபேஸைப் பத்தினது இல்ல. கிளையன்ட் கையில என்ன பைட் இருக்குங்கதை ஆரக்கிளுக்குச் சொல்லுதது. ரெண்டு பக்கமும் ஒண்ணுன்னு சொல்லிட்டா ஆரக்கிள் மாத்தவும் மாத்தாது, சரியான்னு பாக்கவும் பாக்காது. வந்த பைட்டை அப்படியே உள்ள தள்ளிரும். விண்டோஸ் கன்சோல்லேர்ந்து 1252 பைட் போனாலும், டிஸ்கிங்க பழைய தமிழ் என்கோடிங் ஃபைல்லேர்ந்து போனாலும் ஒரே கதைதான். அதே மெஷின்ல படிச்சா சரியாத் தெரியும், ஏன்னா திரும்பவும் மாத்தாமத்தான் வருது. ஜாவாவுலேர்ந்து ஆரக்கிளோட பேசுத தின் டிரைவர் இந்த மாறியைப் பாக்காது, யூனிகோடா மாத்திப் படிக்கும். அதுலேர்ந்து எடுக்கும்போதுதான் குட்டு உடையும்.

மாறியே வைக்கலன்னா யூனிக்ஸ் பக்கம் யூஎஸ்7ஆஸ்கி, வெறும் ஆங்கில எழுத்துக்கானது. அதுல தமிழ் ஒரு எழுத்துகூடத் தேறாது.

சந்தேகம் வந்தா திரையைப் பாக்காதீய. டம்ப் ஃபங்ஷன்ல பத்தியின் பெயரும் 1010ம் கொடுங்க. பைட்டைத் தசம எண்ணில காட்டும், கூடவே என்கோடிங் பெயரும் வரும். 224, 174ன்னு ஆரம்பிச்சா நல்ல தமிழ். 195, 160ன்னு ஆரம்பிச்சா ரெண்டு தடவை என்கோட் ஆனது.

இன்னொண்ணு. வார்கேர்2ல நீளம் சும்மா எண்ணா எழுதினா அது பைட் கணக்கு, எழுத்துக் கணக்கு இல்ல. "கல்லிடைக்குறிச்சி" நம்ம கண்ணுக்கு 9 எழுத்து, யூனிகோட்ல 17 குறி, பைட்ல 51. ஊர்ப் பெயருக்கு 50 தாராளம்னு வச்ச டேபிள்ல ஒரே ஒரு பைட்ல 12899 எர்ரர் அடிக்கும். நீளத்துக்குப் பக்கத்துல "கேர்"னு எழுதிருங்க. இதையும் என்கோடிங் கோளாறுன்னு நினைச்சு கிளையன்ட் செட்டிங்கைக் குடைஞ்சுக்கிட்டு இருப்பாவ.

பனங்கிழங்கு
கல்லிடையில அப்பளத்தைத்தான் கணக்கில்லாமப் போடலாம் போல, பைட்டை இல்ல.

முண்டந்துறை
விண்டோஸ்ல (அ) செல்லாதுங்கதை ஒத்துக்கிடுதேன். கிரான் பக்கமும் எனக்கே ஒரு ஓட்டை தெரியுது: கிரான் உங்க ஷெல் செட்டிங்கைப் படிக்காது. லாங் மாறி இல்லாம ஓடினா லொக்கேல் "சி" ஆயிரும், கேட்டா ஆஸ்கின்னு பதில் சொல்லும். பகல்ல திரையில சரியா ஓடின அதே ஸ்கிரிப்ட் ராத்திரி தமிழைத் தின்னுரும்.

ஆனா டெர்மினல்? பழைய எஸ்எஸ்ஹெச் விண்டோ லத்தீன்-1ல தொறந்திருக்கு, நீங்க யூடிஎஃப்-8 துப்பினா திரை பூராவும் குப்பை. அதுக்கு என்ன வழி?

மேலப்பாளையம்_டிபிஏ
இங்கதான் ரெண்டு கேள்வியை ஒரே மூட்டையில கட்டிட்டோம். சர்வரோட எதுல பேசுதோம் என்பது ஒண்ணு. திரையிலயும் ஃபைல்லயும் எதுல எழுதுதோம் என்பது வேற. பிஎஸ்கியூஎல் சி மொழியில எழுதின கருவி. வந்த பைட்டை அப்படியே திரைக்குக் கொடுக்கும். அதனால மாத்துற வேலையை சர்வர் தலையில கட்டுது. புதுசா எழுதுத கிளையன்டுக்கு அந்தக் கட்டாயம் இல்ல. ஜாவா, பைதான், டாட்நெட் எதுவானாலும் உள்ள ஸ்ட்ரிங் யூனிகோட்தான். அதனால சர்வருக்குப் போற கம்பியில எப்பவும் யூடிஎஃப்-8, கனெக்ஷன் தொறக்கும்போதே வாய்விட்டுச் சொல்லிரணும். திரைக்கு எழுதுத இடத்துல மட்டும் லொக்கேலைப் பார்த்து நீங்களே மாத்துங்க. போஸ்ட்கிரெஸ்ஸோட ஜாவா டிரைவர் இதைத்தான் பண்ணுது: கனெக்ஷனை யூடிஎஃப்-8ல தொறக்கும். நடுவுல யாராவது கிளையன்ட்_என்கோடிங்கை மாத்தினா, அனுமதி கொடுத்திருந்தாலொழிய, எர்ரர் போட்டுரும்.

இதுல ஒரு லாபம் உண்டு. லத்தீன்-1 திரையில தமிழைக் காட்ட முடியலன்னா அந்த ஒரு வரி காட்சிதான் கெடும். குவெரி நடுவுல சாகாது, அப்டேட்ல கேள்விக்குறி ஏறாது.

ஈரடுக்குப்பாலம்
மைஎஸ்கியூஎல்ல "வாய்விட்டுச் சொல்லு"ங்கதை எப்படிச் செய்யுதோம்னும் பாக்கணும்.

செட் நேம்ஸ் குவெரியா அனுப்பாதீய. அது சர்வர் பக்கம் மூணு மாறியை மாத்தும்: கிளையன்ட், கனெக்ஷன், ரிசல்ட்ஸ். ஆனா உங்க பக்கத்து லைப்ரரிக்கு அது தெரியாது. பிஹெச்பியில எஸ்கேப் பண்ணுத (மேற்கோள் குறியைப் பாதுகாப்பா மாத்துத) ஃபங்ஷன் பழைய என்கோடிங்கையே நம்பிக்கிட்டு இருக்கும். சீன ஜிபிகே மாதிரி என்கோடிங்ல அது இன்ஜெக்ஷனுக்கே (குவெரிக்குள்ள வேற கட்டளையை நுழைக்குத தாக்குதல்) வாசல் தொறக்கும். யூடிஎஃப்-8ல அந்த ஆபத்து இல்லன்னாலும் பழக்கம் சரியா இருக்கணும். பிஹெச்பியோட மைஎஸ்கியூஎல்ஐ லைப்ரரின்னா செட்_கேர்செட், பிடிஓ லைப்ரரின்னா கனெக்ஷன் வரியில கேர்செட். ஆட்டோ ரீகனெக்ட் ஆனாலும் செட் நேம்ஸ் காத்துல போயிரும், கனெக்ஷன் வரியில சொன்னது நிக்கும்.

பெயர் "யூடிஎஃப்8" இல்ல, "யூடிஎஃப்8எம்பி4". அங்க வெறும் யூடிஎஃப்8ன்னா மூணு பைட்டோட நின்னுரும். தமிழ் மூணு பைட்ல அடங்குததால பல வருஷம் ஒண்ணும் தெரியாது. குறிப்புப் பத்தியில யாராவது ஒரு ஸ்மைலி போட்டதும் 1366 எர்ரர். நாலு பைட் வகை 2010லயே 5.5.3ல வந்தாச்சு, 8.0லேர்ந்து இயல்பாவே அதுதான். அதுக்கு முன்னால இயல்பு லத்தீன்1. அதுவும் பெயர்தான் லத்தீன்1, உள்ள இருக்கது 1252; காலியான அந்த அஞ்சு இடத்தையும் அவங்களே நிரப்பி வச்சிருக்காவ. அதனால டிபிஏ சொன்ன ஏர்வாடி எர்ரர்கூட இங்க வராது. எல்லாம் சத்தமில்லாம உள்ள போகும்.

கனெக்ஷன் பூல் (தொறந்த கனெக்ஷனையே பலரும் மாத்தி மாத்திப் பயன்படுத்துதது) வச்சிருந்தா, ஒருத்தர் செஷன்ல என்கோடிங்கை மாத்திட்டுத் திருப்பி வச்சா அடுத்தவர் தலையில விழும். போஸ்ட்கிரெஸ்ஸுக்கான பிஜிபவுன்சர் பூல் கிளையன்ட்_என்கோடிங்கைக் கவனிச்சுத் திருப்பி வைக்கும். சொந்தமா எழுதின பூல்னா நீங்கதான் பாத்துக்கிடணும்.

பனங்கிழங்கு
ஒரு உருப்படியான விஷயம் நானும் சொல்லிருதேன். ஃபைல் பக்கம் வில்லன் எக்செல். சும்மா சிஎஸ்வின்னு சேமிச்சா ஆன்சி கோட் பேஜ்லதான் எழுதும். தமிழ் சேமிக்கும்போதே கேள்விக்குறி. "சிஎஸ்வி யூடிஎஃப்-8"னு தனியா ஒரு வகை இருக்கு, அதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லணும். அது ஃபைல் தலையில 239, 187, 191ன்னு மூணு பைட் வைக்கும். பிஎஸ்கியூஎல் ஸ்கிரிப்ட் ஃபைலா இருந்தா, கிளையன்ட் யூடிஎஃப்-8ல இருக்கும்போது, அந்த மூணையும் தாண்டிப் போகும். காப்பி கட்டளை தாண்டாது. முதல் பத்தி உறுப்பினர் எண்ணா இருந்து தலைப்பு வரியும் இல்லன்னா, முதல் வரியில "இன்டீஜருக்குத் தப்பான மதிப்பு: 1"னு எர்ரர் வரும். பார்த்தா 1 நல்லாத்தான் இருக்கும், முன்னால ஒட்டிக்கிட்டிருக்க மூணு பைட் கண்ணுக்குத் தெரியாது. உங்க கிளையன்டே படிக்கும்போது அதை வெட்டிரணும். எக்செல்லுக்கு எழுதிக் கொடுக்கும்போது அதே மூணு பைட்டை நீங்களே வைக்கணும், இல்லன்னா டபுள் கிளிக் பண்ணித் தொறந்தா குப்பைதான்.

குறுக்குத்துறை
சரி, இப்ப இப்படி மாத்துதேன்.

சர்வர் பக்கம்: எப்பவும் யூடிஎஃப்-8, பேரம் இல்ல.
ஃபைல், திரை பக்கம்: கமாண்ட் லைன்ல சொன்னது முதல்ல, இல்லன்னா கான்ஃபிக் ஃபைல், இல்லன்னா சூழல் மாறி, அதுவும் இல்லாம டெர்மினலா இருந்தா லொக்கேல், கடைசியா யூடிஎஃப்-8.

உள்ள வர்ற ஃபைல் எந்த என்கோடிங்னு பைட்டைப் பார்த்து யூகிக்கலாமா?

மேலப்பாளையம்_டிபிஏ
வரிசையில ஒரு திருத்தம். சூழல் மாறி கான்ஃபிக் ஃபைலுக்கு மேல இருக்கணும். ஒரே ஒரு ஓட்டத்துக்கு மட்டும் மாத்த ஆள் அதைத்தான் தொடுவாவ.

யூகம் வேண்டாம், சரிபார்ப்பு போதும். யூடிஎஃப்-8க்கு ஒரு நல்ல குணம், வேற என்கோடிங்ல இருக்க பைட் தற்செயலா அதுல பொருந்துதது அபூர்வம். முழு ஃபைலையும் ஓட்டிப் பாருங்க, பொருந்தினா எடுத்துக்கிடுங்க. பொருந்தலன்னா எந்த வரி, எத்தனாவது பைட்னு சொல்லி நிறுத்துங்க. "1252ஆ இருக்குமோ"ன்னு அடுத்ததுக்குத் தாவப்படாது. டிஸ்கி ஃபைல்கூட அங்கயே பிடிபட்டுரும். லினக்ஸ்ல இருக்க ஜிலிப்சி ஐகான்வ் கருவிக்கு டிஸ்கி தெரியும், அதை வச்சு மாத்திக் கொண்டு வரச் சொல்லிரலாம்.

பாமினி எழுத்துருவுல தட்டினது மட்டும் பிடிபடாது. அதுல தமிழ்னு எழுதினா உள்ள இருக்கது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. பச்சை ஆங்கில எழுத்து. எந்த என்கோடிங் சோதனையும் தேறிரும். அது என்கோடிங்கே இல்ல, எழுத்துரு வேஷம். சோதனைன்னு வேணும்னா, "ஊர்" பத்தியில 2944லேர்ந்து 3071 வரைக்கும் உள்ள யூனிகோட் எண் ஒண்ணுகூட இல்லன்னா எச்சரிக்கை போடுங்க.

போஸ்ட்கிரெஸ்ல ஒரு விதிவிலக்கு மறந்துரும்: எஸ்கியூஎல்_ஆஸ்கி டேட்டாபேஸ். அங்க நீங்க யூடிஎஃப்-8னு சொன்னாலும் சர்வர் மாத்தாது, உள்ள என்ன பைட் கிடக்கோ அதுதான் வரும். கனெக்ட் ஆனதும் சர்வர்_என்கோடிங்கைத் தானா அனுப்பும். அதுல இந்தப் பெயர் வந்தா "தகவல் எந்த என்கோடிங்ல இருக்கு"ன்னு ஆள்கிட்ட கேளுங்க, பதில் வராம எழுத விடாதீய.

குறுக்குத்துறை
ஏற்கெனவே கெட்டுப் போன வரியை எப்படித் திருத்த? போஸ்ட்கிரெஸ்ல சிவகிரி மாதிரி கொஞ்சம் கிடக்கு.

சொதி
முதல்ல அளந்து பாருங்க. "திருநெல்வேலி"க்கு லெங்த் 12 வந்தா நல்லது, 36 வந்தா ரெண்டு தடவை என்கோட் ஆனது. ஆக்டெட்_லெங்த் முறையே 36, 72 வரும். அது லத்தீன்-1 வழியாக் கெட்டிருந்தா. திருநெல்வேலியில உகரமும் புள்ளியும் இருக்கதால அது 1252 வழியா ஏறவே ஏறாது; சிவகிரி மாதிரி 1252 வழியாக் கெட்டதுல ஆக்டெட்_லெங்த், லெங்த்தோட ரெண்டு மடங்கைவிடக் கொஞ்சம் கூடும், ஏன்னா அதுல சில குறிகள் மூணு பைட் எடுக்கும். எந்த வழியில கெட்டதுன்னு இதை வச்சே கண்டுபிடிக்கலாம்.

திருத்த, டேபிளை நகல் எடுத்து அதுல செய்யுங்க. கன்வர்ட்_டு வச்சு லத்தீன்-1 பைட்டா இறக்கி, கன்வர்ட்_ஃப்ரம் வச்சு யூடிஎஃப்-8ஆ ஏத்தணும். 1252 வழியாக் கெட்டிருந்தா ரெண்டு இடத்துலயும் இல்ல, இறக்குத இடத்துல மட்டும் வின்1252. குவெரியோட "வேர்" நிபந்தனையில, தமிழ் எழுத்தே இல்லாத, வெறும் ஆஸ்கியாவும் இல்லாத வரிகளை மட்டும் எடுங்க. தப்பித் தவறி நல்ல வரி மாட்டினாலும் பயம் இல்ல; நல்ல தமிழை லத்தீன்-1ல இறக்க முடியாதுன்னு எர்ரர் வந்து முழு அப்டேட்டும் நின்னுரும்.

மைஎஸ்கியூஎல்ல, பத்தி லத்தீன்1ஆ இருந்து உள்ள இருக்க பைட் நல்ல தமிழா இருந்தா, நேரா யூடிஎஃப்8எம்பி4க்கு ஆல்டர் பண்ணாதீய. அப்பத்தான் உண்மையில ரெண்டாவது தடவை என்கோட் ஆகும். முதல்ல ப்ளாப் (வெறும் பைட் வகை), அங்கேர்ந்து யூடிஎஃப்8எம்பி4 வார்கேர். ப்ளாப்ல நிக்கும்போது பைட்டை அது தொடாது.

முண்டந்துறை
விண்டோஸ் ஆட்களுக்கு ஒரு வரி சேத்துருங்க. பிஎஸ்கியூஎல்லோட ஒப்பிட்டுச் சோதிக்கும்போது, சிஹெச்சிபி 65001 கொடுத்தா மட்டும் போதாது. அது கன்சோல் பக்கத்தை மாத்தும், பிஎஸ்கியூஎல்லோட ஆட்டோ அதைப் பாக்காது. பிஜிகிளையன்ட்என்கோடிங்கையும் யூடிஎஃப்8னு வைக்கணும். பழைய கன்சோல்ல தமிழைத் தட்டியும் பாக்காதீய, ஃபைல்ல எழுதி ஓட்டுங்க.

குறுக்குத்துறை
நன்றி அண்ணாச்சிமாரே. சோதனைக்கு நாலு ஊர் எடுத்தாச்சு: ஏர்வாடி, சிவகிரி, கல்லிடைக்குறிச்சி, திருநெல்வேலி. குறிப்புப் பத்திக்கு ஒரு ஸ்மைலி.

பனங்கிழங்கு
கிரான்ல லாங் இல்லாம ஒரு தடவை, சி.யூடிஎஃப்-8 வச்சு ஒரு தடவை ஓட்டி, ரெண்டு அவுட்புட் ஃபைலையும் பைட் பைட்டா ஒப்பிடுங்க. ஒரு பைட் மாறினாலும் எங்கயோ இன்னும் லொக்கேலைக் கேட்டுக்கிட்டு இருக்கு. ஜாவான்னா 18க்கு முந்தின பதிப்புல ஃபைல் ரீடரைத்தான் முதல்ல சந்தேகப்படுங்க.